நாய் கடித்ததைப் பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்

நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட "ஊசி போடணும்" என்று சொல்லிவிடும். அதற்கு அடுத்த கேள்விகளில்தான் தடுமாறுகிறோம். எத்தனை ஊசி, எந்தெந்த நாளில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னால் வீட்டில் என்ன செய்ய வேண்டும், லேசான கீறலுக்கும் ஊசி வேண்டுமா, தடுப்பூசியோடு சேர்த்துப் போடுகிற இன்னொரு மருந்து யாருக்கு? நன்றாகப் படித்தவர்கள் வீட்டிலும் இதற்கெல்லாம் தெளிவான பதில் இல்லை. என் அக்கா மகன் விஷயத்தில் நாங்கள் அலைந்தபோது கற்றதையும், அப்புறம் டாக்டர்களிடமும் நர்ஸுகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். பிள்ளை வளர்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அவனுக்கு எட்டு வயது. தென்காசிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் அக்கா குடும்பம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது, பையன்கள் எல்லாரும் மதியச் சாப்பாட்டில் மிச்சம் வைத்து அதுகளுக்குப் போடுவார்கள். ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது அக்கா அவன் கெண்டைக்காலில் காய்ந்துபோன காயம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். கேட்டால் முள்கம்பி கிழித்தது என்றான். ஆனால் அந்தக் காயத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக இரண்டு புள்ளி இருந்தது, அது அக்காவுக்கு உறுத்தியது. அடிக்கவில்லை, கத்தவில்லை, எனக்குப் போன் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் வேறு கதை பேசிவிட்டு மெதுவாகக் கேட்டேன். அவன் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, நான் சொன்னா அந்தக் குட்டிய அடிச்சுப் போட்டுருவாங்களா?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. அம்மா திட்டுவாள் என்றோ ஊசி வலிக்கும் என்றோ பயந்துதான் மறைத்திருப்பான் என்று நினைத்திருந்தேன். அவன் பயம் வேறு. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அதே தெருவில் ஒரு பெரியவரைக் கடித்த நாயை நாலு பேர் கட்டையால் அடித்துக் கொன்றதை இவன் பார்த்திருக்கிறான். குட்டியைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துத்தான் சில நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். அதற்குள் அந்தக் குட்டி செத்துவிட்டது என்பதும் பேச்சுவாக்கில் வந்தது. எதனால் செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு மணி நேரத்தில் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். சனிக்கிழமை மதியம், ஓ.பி. முடிந்திருந்தது, ஆனால் பணியில் இருந்த நர்ஸ் அம்மா ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. காயத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். ஆச்சி கூடவே வந்திருந்தாள், "நாலஞ்சு நாள் ஆயிருச்சே தாயி, இனிமே ஊசி கேக்குமா?" என்று கேட்டாள். "நாள் கடந்தாலும் போட்டே ஆகணும் ஆச்சி, இன்னும் நோய் வரலைன்னா இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம்" என்று அவர் சொன்ன பதிலை எத்தனை பேருக்குச் சொன்னாலும் தகும். ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோயின் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்திலேயே வரும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். முகம், தலை, கழுத்து, விரல் நுனி போன்ற இடங்களில் கடித்தால் இன்னும் சீக்கிரம். மூளையை எட்டி அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது. அதனால் கடித்து எத்தனை நாள் ஆகியிருந்தாலும் "இனிமேல் என்ன" என்று விட்டுவிடக் கூடாது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் மாடு மேய்க்கிற ஒருவர் இந்த நோயில் போனார். நாய் கடித்து வெகு நாள் கழித்துத்தான் வந்தது, கடித்ததையே எல்லாரும் மறந்திருந்தார்கள். முதலில் காய்ச்சல், பழைய காயத்தில் குறுகுறுப்பு என்றார். அப்புறம் சொம்பில் தண்ணீர் கொடுத்தால் தொண்டை இழுத்துக்கொண்டது, மின்விசிறிக் காற்று பட்டாலே உடம்பு உதறியது. நினைவு தப்பவில்லை, நடுநடுவே எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டுத் திண்ணையில் நின்று பார்த்த பெரியவர்கள் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த ஒரு சாவைத் தடுக்க முழுக்க முழுக்க வழி இருக்கிறது என்பது தெரிந்த பிறகு எனக்குக் கோபம்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸில் சாகிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். கடிபடுகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

சரி, வீட்டில் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். கடித்த உடனே ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிஷம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் தெரியும். குழாய் இல்லையென்றால் ஒருவர் குடத்திலிருந்து ஊற்ற, இன்னொருவர் கழுவலாம். குளியல் சோப்பு, துணி சோப்பு எதுவாக இருந்தாலும் சரி. இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு பட்டால் அது சிதையும். டாக்டருக்கு முன்னால் நாம் செய்யக்கூடிய பெரிய வைத்தியம் இதுதான், காசு செலவில்லாதது. கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் போடலாம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம், சூடு வைப்பது கூடவே கூடாது. இதெல்லாம் புண்ணைக் கிளறி கிருமியை நரம்புக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் விடும். காயத்தை இறுக்கிக் கட்டுவதும் உடனே தையல் போடுவதும் கூடாது. பெரிய கிழிசல் என்றால் என்ன செய்வது என்று டாக்டர் முடிவு செய்வார், அப்போதும் மருந்தைக் காயத்துக்குள் செலுத்திய பிறகுதான் தைப்பார்கள்.

அங்கேதான் பலருக்குத் தெரியாத அந்த இரண்டாவது மருந்து வருகிறது. காயத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். நாயைத் தொட்டது, சாப்பாடு போட்டது, காயமில்லாத தோலை அது நக்கியது, இதெல்லாம் முதல் வகை, ஊசி தேவையில்லை. ரத்தம் வராத சின்னக் கீறல், தோலை லேசாகக் கவ்வியது இரண்டாவது வகை, இதற்குத் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கனவே இருக்கிற புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ நாயின் எச்சில் பட்டது, இவை மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகைக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கிற கிருமியை அங்கேயே மடக்க இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் ஊசியால் இறக்குகிறார்கள். எடைக்குத் தக்க அளவு. முதல் தடுப்பூசி போட்ட அன்றே போடுவது நல்லது. அன்றைக்குக் கிடைக்கவில்லை என்றால் முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும், அதற்குப் பிறகு பயனில்லை.

எங்கள் பையனுக்கு மூன்றாவது வகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி உடனே போட்டார்கள், இலவசம். இம்யூனோகுளோபுலின் அங்கே இல்லை, தாலுகா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போனால் அன்றைக்கு இருப்பு இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். ஒரு தனியார் மருந்துக்கடையில் விசாரித்தால் பல ஆயிரம் சொன்னார்கள், அக்கா வீட்டுக்காரர் ஓட்டுவது வாடகை ஆட்டோ. கடைசியில் மறுநாள் மாவட்டத் தலைநகர் போய்ப் போட்டோம், அங்கே காசில்லாமல் கிடைத்தது. எங்களிடம் போன் இருந்தது, விசாரிக்க ஆள் இருந்தது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய முடிந்தது. இது எதுவும் இல்லாத ஒரு தோட்டக் கூலி அம்மா தாலுகா ஆஸ்பத்திரி வாசலிலேயே "தடுப்பூசிதான் போட்டாச்சே" என்று வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எந்த ஆஸ்பத்திரியில் இன்று இந்த மருந்து இருக்கிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே போன் செய்து உறுதிப்படுத்திவிட்டு ஆளை அனுப்ப வேண்டும், அது அரசாங்கத்தின் வேலை. வழக்கமாகத் தீர்ந்துபோகிற மருந்து என்றால் தீரும் முன்னால் வரவழைக்கவும் வேண்டும். 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம். இவ்வளவு கடி இருக்கும் மாநிலத்தில் இம்யூனோகுளோபுலினை எப்போதாவது தேவைப்படும் மருந்தாகக் கணக்குப் போட முடியாது. நீங்கள் போகும் முன் 104-க்குப் போன் செய்து கேட்டுப் பாருங்கள். முகத்திலோ கழுத்திலோ பெரிய கடி என்றால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசி அட்டவணை அரசு ஆஸ்பத்திரியில் பொதுவாக இப்படித்தான்: முதல் நாளை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு 0, 3, 7, 28. ஒவ்வொரு முறையும் இரண்டு தோளிலும் தோலுக்குள் ஒவ்வொரு சின்ன ஊசி. தனியாரில் தசைக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28. எங்கே தொடங்கினாலும் எந்த முறை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 28-ஆம் நாள் ஊசிதான் அதிகம் தவறுகிறது, அதற்குள் காயம் ஆறிவிடுகிறது, பயமும் ஆறிவிடுகிறது. அக்கா நாள்காட்டித் தாளில் நாலு தேதியையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, வகுப்பு டீச்சரிடமும் சொல்லி வைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட நேர்ந்தால் போடுங்கள். ஊர் மாறிப் போயிருந்தால் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

ஆச்சி நல்லவள், ஆனால் அவளுக்கு ஊசி என்றாலே தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசிதான் நினைவு. அவள் காலத்தில் அது உண்மைதான். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்தை வயிற்றில் நாள்தோறும் போடுவார்கள், அது பக்க விளைவுகளும் கொண்டது. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையம்கூட ஒரு காலத்தில் அந்த வகை மருந்தைத்தான் தயாரித்தது. இந்தியாவில் அது 2004-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது வருவது உயிரணுக்களில் (செல்) கிருமியை வளர்த்துத் தயாரிக்கிற ஊசி, கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும்கூடப் போடலாம். அந்தப் பழைய பயம் மட்டும் வீட்டுக்கு வீடு மிச்சம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் "பக்கத்து ஊரில் வேர் கட்டுகிறார், போய்வரலாம்" என்ற பேச்சு வருகிறது. ஆச்சியும் சொன்னாள். சண்டை போடாமல், முதலில் ஊசியைப் போட்டுவிடுவோம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா முடித்தாள். பத்தியம் என்று கறி, முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள், அதையும் நர்ஸ் அம்மாவே பேசிச் சரிசெய்தார். வளர்கிற பிள்ளைக்கு முட்டையை நிறுத்துவதில் ஒரு நன்மையும் இல்லை, பத்தியமே கிடையாது.

இன்னும் சில விஷயங்கள். கடித்த நாயோ பூனையோ கண்ணில் படும்படி இருந்தால் பத்து நாள் கவனிக்கலாம், பத்து நாளும் நன்றாக இருந்தால் டாக்டர் மிச்ச ஊசியைப் பற்றி முடிவு செய்வார். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது, ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். நாயை அடித்துக் கொன்றுவிட்டால் கவனிக்கிற வாய்ப்பே போய்விடும். வீட்டு நாய், அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்றாலும் டாக்டரைப் பார்ப்பது அவசியம். குட்டிதானே என்று நினைக்காதீர்கள், குட்டிக்கும் ரேபிஸ் வரும். வெறிபிடித்த நாய் எல்லாமே குரைத்துக்கொண்டு துரத்தாது, சில நாய் தாடை தொங்கி, எச்சில் வழிய, மூலையில் சுருண்டு கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து அதன் வாய்க்குள் கைவிடுகிற இரக்கமுள்ளவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், அது மிகவும் ஆபத்து. அப்புறம் கிராமத்தில் ஒரு பெரிய கலவரம் வரும், நாய் கடித்த மாட்டின் பாலைத் தெருவே குடித்துவிட்டது என்று. காய்ச்சிய பாலால் இந்த நோய் பரவாது. மாட்டின் வாய்க்குள் கைவிட்டவர்கள், அதன் எச்சில் புண்ணில் பட்டவர்கள் மட்டும் கட்டாயம் போய் ஊசி போட வேண்டும்.

தெருநாய் விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் ஒரு உத்தரவும், சில நாளில் அதைத் திருத்தி இன்னொரு உத்தரவும் போட்டபோது எங்கள் ஊர் டீக்கடையிலும் இரண்டு கட்சியாகிவிட்டது, எல்லா நாயையும் ஒழிக்க வேண்டும் என்று ஒரு பக்கம், நாய் மேல் கை வைக்கக் கூடாது என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் விட்டுவிடுகிற ஒன்று, ஒரு பகுதியில் இருக்கும் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு வருஷாவருஷம் தடுப்பூசி போட்டுவந்தால் அங்கே ரேபிஸ் நின்றுவிடும் என்பது. கோவாவில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள், 2021-ல் அந்த மாநிலம் ரேபிஸ் கட்டுக்குள் வந்துவிட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. நம் சென்னையில் 1996-லேயே நாய்களைக் கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடையும் தடுப்பூசியும் போடும் வழிக்கு மாறினார்கள். இன்றைய சட்டப்படியும், அதாவது 2023 விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படியும், இந்த வேலை உள்ளாட்சியின் பொறுப்பு. அடித்துக் கொன்றால் தெரு காலியாக இருக்கப்போவதில்லை, கறிக்கடைக் கழிவு தெருமுனையில் கிடக்கிற வரை தடுப்பூசி போடாத புது நாய் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

அதனால் நாங்கள் சிலர் சேர்ந்து செயல் அலுவலரைப் போய்ப் பார்த்தோம். வெறும் புகார் மனுவாகக் கொடுக்காமல், தெருத் தெருவாக எத்தனை நாய், எவை குட்டி போடும் நிலையில் இருக்கின்றன, யார் எவற்றுக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்று ஒரு பட்டியலோடு போனோம். பட்டியல் இருந்ததால் பேச்சு வேறு மாதிரி போனது. அரசுக் கால்நடை மருந்தகத்திலிருந்து டாக்டர் வந்து தடுப்பூசி முகாம் போட ஒத்துக்கொண்டார், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாளை ஒட்டி நடத்தினோம். நாய்களைப் பிடித்துக் கொடுத்தது யார் தெரியுமா, இத்தனை நாளாகத் தெருவே திட்டிக்கொண்டிருந்த, நாய்களுக்குச் சோறு வைக்கிற அக்காமார்தான். அவர்கள் கூப்பிட்டால் மட்டும்தான் அவை வந்தன. கருத்தடை மையம் பக்கத்து நகராட்சியில்தான் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கூட்டிவர வண்டி கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. இறைச்சிக் கழிவை எடுக்கத் தனி வண்டி வந்துவிட்டது, அது நல்ல விஷயம்.

பள்ளிக்கூடத்திலும் போய்ப் பேசினேன். தலைமையாசிரியை நல்ல யோசனை ஒன்று சொன்னார், காலை வணக்கக் கூட்டத்தில் "நாய் கடித்தாலோ கீறினாலோ டீச்சரிடம் சொன்னால் உன்னை யாரும் திட்ட மாட்டார்கள், அந்த நாயையும் யாரும் அடிக்க மாட்டார்கள்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்றார். சொன்ன வாரத்திலேயே மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பூனை பிறாண்டியதைக் காட்டினாள், ஊசி போடப்பட்டது. வீட்டிலும் இதையே சொல்லிவையுங்கள். பிள்ளை வந்து சொன்னால் "அங்கே ஏன் போனே" என்ற கேள்வியை விட்டுவிட்டு நேராகக் குழாயடிக்குக் கூட்டிப் போங்கள். பிள்ளைகள் பார்க்க நாயை அடிப்பதை நிறுத்துங்கள்.

வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் மூன்று மாதத்தில் முதல் தடுப்பூசி, அதற்குப் பிறகு டாக்டர் சொல்கிற கூடுதல் ஊசி, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை என்று விடாமல் போட வேண்டும். போட்ட அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், உங்கள் நாய் யாரையாவது கடித்தால் மறைக்காமல் அந்த அட்டையோடு அவர்களை நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பையனுக்கு நாலு ஊசியும் முடிந்தது, நன்றாக இருக்கிறான். அந்த ஓ.பி. சீட்டை அக்கா ரேஷன் கார்டு, ஆதார் வைக்கிற உறையிலேயே வைத்திருக்கிறாள். முழுசாக ஊசி போட்டவர்களை மறுபடியும் நாய் கடித்தால் இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை, 0 மற்றும் 3 என்று இரண்டு நாள் ஊசி போதும், ஆனால் முன்னால் போட்டதற்குச் சீட்டைக் காட்ட வேண்டும். தொலைத்தவர்கள் ஊசி போட்ட இடத்தில் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தரச் சொல்லலாம், தேதி தெரிந்திருந்தால் தேட எளிது, அதனால் சீட்டைப் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.